எழுத்து நின்றால் வலை நிற்கும்

1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியை உருவாக்கி முடித்திருந்தார். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டுமே ஓடியது. செர்னில் அந்தக் கணினி மிகச் சிலரிடமே இருந்தது. மற்ற விஞ்ஞானிகளின் மேசைகளில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளும், எழுத்தை மட்டும் காட்டும் முனையங்களும் இருந்தன. எல்லோருக்கும் பொதுவானது என்று கனவு கண்ட ஒரு திட்டத்தை, அதே கட்டடத்தில் வேலை பார்த்தவர்களே திறந்து பார்க்க முடியவில்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நிக்கோலா பெல்லோ. இங்கிலாந்தின் லெஸ்டர் பாலிடெக்னிக்கில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவி, 1990 நவம்பரில் பெர்னர்ஸ்-லீயின் குழுவில் சேர்ந்தார். எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதும் வேலை அவரிடம் வந்தது. அவர் உருவாக்கிய ‘லைன் மோட் பிரவுசர்’ என்ற அந்த உலாவியில் படம் கிடையாது, மவுஸ் தேவையில்லை. வரி வரியாக எழுத்து வரும். இணைப்பு உள்ள இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் அடுத்த ஆவணம் திறக்கும். 1991இல் வலை செர்னின் சுவர்களைத் தாண்டி மற்ற ஆய்வுக்கூடங்களுக்குப் போனது இந்த உலாவி வழியாகத்தான். எந்த இயந்திரத்திலும் ஓடியதால்தான் அதனால் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. எழுத்தை மட்டும் காட்டும் உலாவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, இன்னும் பராமரிக்கப்படுகின்றன. அவற்றை இன்று பயன்படுத்துவது பழமை மீதான பாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை. ஒரு பக்கத்தில் எதைப் பெறுவது, அதை எப்படிப் படிப்பது என்று முடிவு செய்யும் உரிமை வலை பிறந்தபோது வாசகரிடம் இருந்தது. அது மெல்ல மெல்ல அவர் கையைவிட்டுப் போனது. அந்த உரிமையை இன்றும் முழுதாக வைத்திருப்பவை உரை உலாவிகளே.

கன்சாஸில் பிறந்த லிங்க்ஸ்

உரை உலாவிகளில் புகழ்பெற்றது லிங்க்ஸ். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் லூ மொன்டுல்லி, மைக்கேல் குரோப், சார்லஸ் ரெசாக் ஆகிய மூவர் அதை உருவாக்கினார்கள். வளாகச் செய்திகளை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொண்டுசேர்ப்பதுதான் தொடக்க நோக்கம். வலை என்ற ஒன்று வேகமாக வளர்வதைக் கண்டவர்கள் 1993இல் அதையும் படிக்கும்படி லிங்க்ஸை விரிவாக்கினார்கள். கீழ் அம்புக்குறி அடுத்த இணைப்புக்குக் கொண்டுபோகும். வலது அம்புக்குறி அதைத் திறக்கும். இடது அம்புக்குறி வந்த வழியே திரும்பும். இந்த மூன்று விசைகளைக் கற்றுக்கொண்டால் போதும், வலையில் நடமாடலாம்.

பின்னால் வந்த பெரிய உலாவிகளில் மொசைக் மறைந்தது. நெட்ஸ்கேப் மறைந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்டே விடை கொடுத்துவிட்டது. லிங்க்ஸ் மட்டும் நிற்கிறது. இன்றும் பராமரிப்பில் உள்ள உலாவிகளில் மூத்தது அதுதான். 1990களின் பிற்பகுதியிலிருந்து தாமஸ் டிக்கி என்ற மென்பொருளாளர் அதைப் பொறுப்பாகக் காத்து வருகிறார். அதன் பின்னே ஒரு பரம்பரையே வந்தது. ஜப்பானின் அகினோரி இட்டோ எழுதிய டபிள்யூ3எம் அட்டவணைகளைக் கட்டம் கட்டமாக அழகாகக் காட்டியது. பிராகாவில் மிக்குலாஷ் பத்தோச்கா 1999இல் ‘லிங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பன்மையான லிங்க்ஸ் என்ற, அதே ஒலிப்புள்ள பெயரில் இன்னொரு உலாவியை எழுதினார். அதிலிருந்து ஈலிங்க்ஸ் கிளைத்தது. இமாக்ஸ் என்ற புகழ்பெற்ற உரைத் தொகுப்பானுக்குள்ளேயே 2014 முதல் ஈடபிள்யூடபிள்யூ என்ற உலாவி உள்ளடங்கி வருகிறது. இவை அனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள். விளம்பர வருமானமோ பெரிய நிறுவனத்தின் ஆதரவோ இல்லாமல், பயன்படுத்துபவர்களின் உழைப்பில் வாழ்கின்றன.

கைமாறிய உரிமை

வலைப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் மொழியின் முதல் வடிவமைப்பில் ஒரு நேர்த்தியான வேலைப் பங்கீடு இருந்தது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று ஆசிரியர் குறித்துக் கொடுப்பார். தலைப்பு எவ்வளவு பெரிதாக வர வேண்டும், என்ன நிறத்தில் வர வேண்டும், திரையில் வர வேண்டுமா குரலில் ஒலிக்க வேண்டுமா என்பதை வாசகரின் கணினி முடிவு செய்யும். ஆவணத்தின் பொருள் எழுதுபவருக்கு, தோற்றம் படிப்பவருக்கு.

1993 பிப்ரவரியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இளம் மாணவர் மார்க் ஆண்ட்ரீசன், எழுத்துக்கு நடுவே படத்தைக் காட்டும் ஒரு குறியை முன்மொழிந்தார். அவரும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலாவி அந்த ஆண்டே அதைச் செய்து காட்டியது. ஆய்வுக்கூடத்து வலையைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தது மொசைக்தான். படம் வந்ததில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு பூவின் படமும், ஒரு கோயில் கோபுரத்தின் படமும், ஓர் எக்ஸ்ரேயும் சொல்வதை எழுத்தால் முழுதாகச் சொல்ல முடியாது.

சிக்கல் அடுத்தடுத்து வந்தவற்றில் இருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் தொடக்கப் பொறியாளர்களில் ஒருவராகச் சேர்ந்தவர் லூ மொன்டுல்லி. லிங்க்ஸை உருவாக்கிய அதே மொன்டுல்லி. இணையக் கடையில் ஒருவர் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை உருவாக்கினார். நல்ல நோக்கம், எளிய கருவி. அதே 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு இதழின் இணையப் பக்கத்தில் முதல் பதாகை விளம்பரங்கள் தோன்றின. 1995இல் பிரெண்டன் ஐக் சில நாட்களில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்துக்குள்ளிருந்தே வாசகரின் கணினியில் நிரல் ஓட வழி திறந்தது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது, படிக்கப்படும் பக்கம் படிப்பவரைக் கவனிக்கத் தொடங்கியது. யார் வந்தார், எங்கே நின்றார், எதைப் பார்த்தார், அடுத்து எங்கே போனார் என்று பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் தகவல் போகும் நிலை வந்தது.

இதில் யாரும் சதி செய்யவில்லை. ஒவ்வொரு படியும் ஒரு தேவைக்காக வைக்கப்பட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகளின் கூட்டுவிளைவைப் பார்த்தால், வாசகர் முடிவு செய்த பலவற்றை இன்று பக்கம் முடிவு செய்கிறது.

9,600 பிட்டில் வந்த இந்தியா

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனத்தின் மூலம் தொடங்கியது. அன்றைய மெட்ராஸும் தொடக்க நகரங்களில் ஒன்று. படத்தோடு வலையைப் பார்க்கும் கணக்குக்குக் கட்டணம் அதிகம். மாணவர்களும் நடுத்தரக் குடும்பத்தினரும் எடுத்தது ‘ஷெல் அக்கவுன்ட்’ என்ற எழுத்து மட்டும் வரும் கணக்கு. மோடம் கிறீச்சிட்டு இணைந்ததும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். மின்னஞ்சலுக்கு பைன், வலைக்கு லிங்க்ஸ். அந்தத் தலைமுறையில் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடக் குறிப்புகளையும், ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களையும் முதலில் படித்தது அந்தக் கறுப்புத் திரையில்தான்.

அன்றைய மோடத்தின் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு நொடியில் சுமார் ஒரு கிலோபைட்தான் வரும். எழுத்து மட்டுமே உள்ள ஒரு பக்கம் சில நொடிகளில் வந்து சேரும். இன்றைய பக்கம் எவ்வளவு கனம்? இணையப் பக்கங்களின் எடையை 2010 முதல் அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்கின்படி, நடுத்தரமான ஒரு பக்கம் 2010இல் அரை மெகாபைட்டுக்குள் இருந்தது. இன்று 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. 1995இன் மோடத்தில் அதை இறக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். திருக்குறளின் 1,330 குறள்களையும் யூனிகோட் எழுத்தில் சேமித்தால் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரு சிறு செய்தியைப் படிக்கும்போது எட்டுத் திருக்குறள் அளவுக்குத் தகவல் நம் கைப்பேசிக்கு வருகிறது. அதில் நாம் படிப்பதோ நான்கைந்து பத்திகள்.

வேகமான இணைப்பு உள்ளவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மலைக் கிராமத்தில் ஒரு கோடு சிக்னலோடு இருப்பவருக்கும், மாத டேட்டாவை எண்ணிச் செலவு செய்பவருக்கும், பத்து வயதான கணினியை வைத்துக்கொண்டு படிக்கும் மாணவருக்கும் தெரியும். புதிய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே திணறும் பழைய கணினியில், லிங்க்ஸ் சில மெகாபைட் நினைவகத்தில் சிரமமின்றி ஓடுகிறது. குப்பைக்குப் போகவிருந்த கணினி மீண்டும் படிக்கும் கருவியாகிறது.

பேரிடரில் நின்ற பக்கம்

2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவைத் தாக்கியபோது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் விழுந்தன. அப்போது சிஎன்என் படமில்லாத, எழுத்து மட்டும் உள்ள செய்திப் பக்கத்தைத் தந்தது. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் தன்னிடம் ஏற்கெனவே இருந்த எழுத்துப் பக்கத்தை மக்களுக்கு நினைவூட்டியது. பலவீனமான சிக்னலிலும், வடிந்துகொண்டிருக்கும் பேட்டரியிலும் அவை திறந்தன. இரண்டும் இன்றும் நடக்கின்றன. உரை உலாவியில் அவற்றைத் திறந்தால் தலைப்புகள் வரிசையாக, நொடிக்குள் வருகின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோய், எந்த ஏரி திறக்கப்பட்டது, எந்தப் பாலம் மூழ்கியது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு 2 கிலோபைட் எழுத்தாக இருப்பதற்கும், 2 மெகாபைட் சுவரொட்டிப் படமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. கடற்கரையெங்கும் புயல் வரும் மாநிலத்தில், எழுத்து மட்டும் உள்ள அவசரகாலப் பக்கத்தை இப்போதே தயாராக வைத்திருக்க வேண்டும்.

கண் காணாத வாசகர்

உரை உலாவியின் பயனை முதலில் உணர்ந்தவர்களில் பார்வையற்றோர் முக்கியமானவர்கள். கணினி விஞ்ஞானி டி. வி. ராமன் புனேயில் பிறந்தவர். சிறு வயதில் பார்வையை இழந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1995இல் அவர் வெளியிட்ட இமாக்ஸ்பீக், கணினியின் எழுத்துச் சூழலை முழுவதும் பேசும் மேசையாக மாற்றியது. திரையில் இருக்கும் படத்தை விவரிக்க முயலாமல், ஆவணத்தின் கட்டமைப்பையே குரலாக்கியது அதன் சிறப்பு. தலைப்பு ஒரு குரலில், இணைப்பு ஒரு குரலில், சாதாரண வரி வேறொரு குரலில் ஒலிக்கும். தோற்றம் படிப்பவருக்கு என்ற பழைய பங்கீடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அந்தப் பங்கீட்டை மீறினால் என்ன ஆகும் என்பதை சிட்னி ஒலிம்பிக் காட்டியது. பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவயர், எழுத்தைத் தொட்டுணரும் புள்ளிகளாக்கித் தரும் பிரெய்ல் திரையில் இணையத்தைப் படிப்பவர். ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தில் படங்களுக்கு மாற்று எழுத்து இல்லை. விளையாட்டுகளின் பட்டியலுக்கும் முடிவுகளின் அட்டவணைகளுக்கும் போக வழியில்லை. 1999இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். 2000 ஆகஸ்டில் ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தளம் முழுதாகத் திருத்தப்படாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கும்படி குழு பணிக்கப்பட்டது. படத்துக்கு மாற்றாக ஓர் எழுத்து வரி கொடுக்கும் வசதி 1995ஆம் ஆண்டின் எச்டிஎம்எல் தரத்திலேயே இருந்தது. அந்த ஒரு வரியை எழுதாததே வழக்கின் மையம்.

இன்று பார்வையற்றோர் பெரும்பாலும் சாதாரண உலாவியோடு திரைவாசிப்பானை இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். உரை உலாவியில் நன்றாகத் தெரியும் பக்கம் அவர்களுக்கும் முழுதாகப் பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் உரை உலாவியில் வெறுமையாகவும், கோப்புப் பெயர்களின் குவியலாகவும் தெரியும் பக்கம் அவர்களையும் திண்டாட வைக்கும். ஒரு பக்கத்தைச் சோதிக்க இதைவிடச் சுலபமான முதல் சோதனை கிடையாது. நம் நாட்டில் இது தயவின் பேரில் செய்யும் காரியமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலை அணுகும் உரிமையைப் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்றே தீர்ப்பளித்தது.

தமிழ் கற்ற பாடம்

எழுத்தும் தோற்றமும் பிரியாமல் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணைய இதழ்களும் நாளிதழ்களும் ஆளுக்கு ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒரு தளத்தைப் படிக்க அதன் எழுத்துருவை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வருவது அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் கூட்டம். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. தமிழ் போலத் தோன்றும் ஒரு வேடம் மட்டும் இருந்தது. தேடுபொறியால் அதைத் தேட முடியவில்லை. வாசிப்பான்களால் படிக்க முடியவில்லை. எழுத்துரு வழக்கொழிந்ததும் அந்தப் பக்கங்களில் பலவும் அதோடு வழக்கொழிந்தன.

மாறாக, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வைத்தார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத எழுத்துக் கோப்புகள் அவை. அதனாலேயே, அன்றைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு அவற்றை மாற்ற முடிந்தது. இன்று சங்க இலக்கியத்தில் ஒரு சொல்லைத் தேடும் மாணவர் அந்த உழைப்பின் பலனைத்தான் அனுபவிக்கிறார். 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

ஆனால் பாடம் முழுதாக மனத்தில் பதியவில்லை. அரசாணைகள் பல இன்றும் வருடிய படங்களாக பிடிஎஃப் கோப்புகளில் கிடக்கின்றன. ஊராட்சி அறிவிப்பு, கல்லூரிச் சுற்றறிக்கை, இலக்கியக் கூட்ட அழைப்பு எல்லாம் படமாகவே வலையேறுகின்றன. உரை உலாவியில் அந்தப் பக்கங்களைத் திறந்தால் எஞ்சுவது ஒரு கோப்புப் பெயர் மட்டும். படமாகிவிட்ட தமிழைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, மொழிபெயர்க்க முடியாது, குரலாக்க முடியாது.

உரை உலாவியில் தமிழ் படிப்பதிலும் ஒரு தடை உண்டு. கணினி முனையங்கள் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எழுத்து வைக்கும்படி, ரோமன் எழுத்துக்காக அமைக்கப்பட்டவை. அதனால் சில முனையங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கின்றன. மெய்யின் புள்ளி தள்ளி விழுகிறது. இதற்கு வழி இருக்கிறது. 2020இல் வந்த 27ஆவது பதிப்பு முதல் இமாக்ஸ், இந்திய எழுத்துகளைச் சரியாக வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. தனிச் சாளரத்தில் இமாக்ஸை ஓட்டினால் அதற்குள் இருக்கும் உலாவியில் தமிழ் பிழையின்றித் தெரிகிறது. முனையங்களும் அப்படி ஆக, தமிழ் அறிந்த நிரலாளர்கள் கைகொடுக்க வேண்டும். இது நம்மைத் தவிர வேறு யாரும் முன்வந்து செய்யப்போகிற வேலை இல்லை.

அன்றாடத்தில் என்ன கிடைக்கிறது

பெரும்பாலான உரை உலாவிகள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. ஆகவே விளம்பரங்களை ஏலம் விடும் நிரல்கள் ஓடுவதில்லை. மவுஸின் அசைவை எண்ணும் கண்காணிப்புகள் வேலை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உளவுப் படங்கள் இறங்குவதில்லை. ஒரு தளம் குக்கி வைக்க முயன்றால் லிங்க்ஸ் வாசகரை நேராகக் கேட்கிறது: வைக்கலாமா, வேண்டாமா? இதை மிகைப்படுத்தவும் கூடாது. நாம் போகும் தளத்துக்கு நம் ஐபி முகவரி தெரியும். லிங்க்ஸ் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் அதுவே ஓர் அடையாளமாகவும் ஆகலாம். இது முகமூடி இல்லை. ஆனால் தேவையற்ற பேச்சைத் தன் கணினி பேசாது என்ற நிம்மதி உண்டு.

அடுத்தது கவனம். தானே ஓடும் காணொளி இல்லை, ஓரத்தில் துடிக்கும் பெட்டி இல்லை, பத்தியை மறைத்துக்கொண்டு பதிவு செய்யச் சொல்லும் பலகை இல்லை. கட்டுரை தொடங்குகிறது, நடக்கிறது, முடிகிறது. முடிந்தது என்று தெரிவதே இன்றைய வலையில் அரிதாகிவிட்டது. நீண்ட கட்டுரைகளைப் படித்து முடிக்கும் பழக்கம் தேய்ந்துவிட்டதாக வருந்தும் ஆசிரியர்கள், மாணவர்களிடம் இந்தக் கருவியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

எல்லா வேலைக்கும் இது ஆகாது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, வரைபடம், காணொளி எல்லாவற்றுக்கும் சாதாரண உலாவிதான் வேண்டும். படிப்பதற்கு ஒன்று, காரியம் முடிக்க ஒன்று என்று பிரித்துக்கொள்வதே சரியான வழி.

மூடும் கதவுகளும் திறக்கும் கதவுகளும்

தேடுபொறிகள் ஒரு பக்கத்தை எப்படிப் பார்க்கும் என்று அறிய, லிங்க்ஸ் போன்ற உரை உலாவியில் திறந்து பாருங்கள் என்று இணையதளம் நடத்துபவர்களுக்கு கூகுளே ஒரு காலத்தில் அறிவுரை சொன்னது. 2014இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது. 2024இல் ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் வடிவம் நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் கூகுளில் தேட முடியாது என்ற நிலை வந்தது. தானியங்கி நிரல்களின் தொல்லையைத் தடுக்க என்பது நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று. காரணம் எதுவானாலும், உலகின் பெரிய நூலக வாசலில் ஓர் எளிய வாசகர் நிறுத்தப்பட்டார்.

எதிர்த்திசையிலும் முயற்சிகள் நடக்கின்றன. விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையும் உரை உலாவியில் முழுதாகப் படிக்கக் கிடைக்கிறது. டக்டக்கோ என்ற தேடுபொறி எளிய எச்டிஎம்எல் தேடல் பக்கத்தைத் தொடர்ந்து தருகிறது. பிரிட்டிஷ் அரசு தன் சேவைகளை வெறும் எச்டிஎம்எல்லில் முதலில் இயங்கும்படி அமைத்து, அதன் மேல்தான் மற்ற வசதிகளைச் சேர்க்க வேண்டும் என்று தன் துறைகளுக்கு விதி வைத்திருக்கிறது. 2019இல் தொடங்கிய ஜெமினி என்ற நெறிமுறை, எழுத்தும் இணைப்பும் மட்டுமே கொண்ட ஒரு சிறு இணைய வெளியைத் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்த்துவருகிறது.

நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. லினக்ஸ் வைத்திருப்பவர் எந்த விநியோகத்திலும் லிங்க்ஸையும் டபிள்யூ3எம்மையும் இலவசமாக நிறுவலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் செயலி வழியாக நிறுவலாம். தினமும் படிக்கும் தளங்களில் சிலவற்றையாவது அதில் திறந்து பாருங்கள். படிக்க முடியாத தளத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இதழ் நடத்துபவர்கள், கட்டுரையின் எழுத்து ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே வந்து சேரும்படி பக்கத்தை அமைக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு விளக்க வரி எழுதட்டும். அரசுத் துறைகள் ஆணைகளைப் படமாக வருடாமல் யூனிகோட் எழுத்தாக வெளியிடட்டும். பொறியியல் கல்லூரிகளில் வலை வடிவமைப்பு கற்பிப்பவர்கள், மாணவர் செய்த பக்கத்தை மதிப்பிடும் முன் ஒருமுறை உரை உலாவியில் திறக்கட்டும்.

வலையைக் காப்புரிமை இல்லாமல் உலகுக்குப் பொதுவாக்குவதாக செர்ன் அறிவித்தது 1993 ஏப்ரல் 30 அன்று. அந்த வாக்குறுதியைச் சட்டத்தில் யாரும் பறிக்கவில்லை. பக்கங்களின் கனத்திலும் சிக்கலிலும்தான் அது கரைந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய கணினியில், மோசமான இணைப்பில், பார்வை இல்லாதவரின் விரல்நுனியில், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஓர் ஆய்வாளரின் இயந்திரத்தில் இந்த எழுத்தைப் படிக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்று உறுதியான பிறகே ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிட வேண்டும். தமிழில் எழுதி வலையில் ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கடமை உண்டு.